எதனோடும் பொருந்தாத உயிர்

பேராசிரியர் இராஜமாணிக்கம் அவர்கள் காலமான செய்தி எங்களுக்குத் தர்மபுரி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. எங்கள் தாவரவியல் துறையின் ஆய்வு மாணவி மெகருன்னிசாவும், அவருடைய தந்தை காசிம் பாயும், நானும் இண்டூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தோம். பேராசிரியரின் வீடு இண்டூரில். மெகருன்னிசாவின் மடியில் தட்டச்சு செய்து பைண்டு போட்ட ஆய்வேடு இருந்தது. வழிகாட்டியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதை வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஆய்வேட்டின் முக்கியமான முடிவு தவறானது என்பது எழுதிய மாணவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரும்புக் கடை வைத்திருக்கும் காசிம் பாய்க்கும் தெரியும். பேராசிரியருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் பலமுறை சொல்லியிருந்தோம்.

துறையின் ஆய்வக உதவியாளர் மாதையன் சைக்கிளை நிறுத்தாமலே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எச்.ஓ.டி. போயிட்டாருங்க."

"எப்போ?"

"காலையிலதானுங்க. காப்பி ஆறிப்போச்சுன்னு வூட்டுல சத்தம் போட்டாராமா. போட்டுட்டு இருக்கும்போதே அப்படியே சாஞ்சிட்டாராமா. டாக்டரு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சாமா."

காசிம் பாய் அவருடைய வழக்கப்படி இறைவனிடமிருந்து வந்தவர்கள் இறைவனிடமே திரும்புகிறோம் என்று அரபியில் முணுமுணுத்தார். பிறகு மகளின் மடியைப் பார்த்தார். மாதையன், "காலேஜு லீவு விடுவாங்களாங்க சார்?" என்று கேட்டார்.

கல்லூரியின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மறுநாளே கேட்டார்கள். அவரோடு நெடுங்காலம் ஒரே அறையில் உட்கார்ந்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அவரை அறியாதவர்களுக்கும் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும் என்பது மலர்க் குழுவின் விருப்பம். அறிந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான் துறையில் சேர்ந்த முதல் நாள் அவர் என்னை நிற்கவைத்தே பேசினார். எதிரில் நாற்காலி இருந்தது. அதில் அவருடைய குடை இருந்தது.

"ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. என் பட்டத்தை அதுலதான் வாங்கினேன்."

"அதோட நிறுத்திக்குங்க. இந்தத் துறைக்கு ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் போதும். ரெண்டு பேர் பண்ணினா சண்டை வரும்."

அடுத்த பல ஆண்டுகளில் இருவரும் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. சண்டை மட்டும் வந்தது. காய்ச்சி வடித்த நீர்க் குடுவையைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். நூலகத்திலிருந்து அவர் எடுத்த சஞ்சிகையை வேறு யாரும் பார்க்க முடியாது. அவரும் பார்க்க மாட்டார். ஆனால் அவர் யாரிடமும் பாரபட்சம் காட்டியதில்லை. முதல்வரிடமும், மாதையனிடமும், சுழலாத மின்விசிறியிடமும் ஒரே குரலில்தான் கத்துவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு நூலகத்துக்குப் போனவர், வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். கை வைத்தால் தோல் உரியும் சூட்டில் அவை பெருகுகின்றன. நமக்கு இதமாக இருக்கும் சூட்டில் சோம்பிக் கிடக்கின்றன. அவருக்கு உடனே அவற்றின்மேல் பாசம் உண்டாயிற்று. "சூட்டைத் தாங்கிக்கிறது பெரிய விஷயம் இல்லீங்க. சூடு இல்லாம இருக்கவே முடியாதுன்னு ஆகுது பாருங்க, அதுதான் விஷயம்" என்றார். பாக்டீரியாவைப் பற்றித்தான் சொன்னார்.

நம் மாவட்டத்தில் வெந்நீர் ஊற்று கிடையாது. இதை ஏற்க அவர் மறுத்தார். தீர்த்தமலையில் இத்தனை தீர்த்தங்கள் இருக்கும்போது ஒன்றாவது சுடாமலா இருக்கும் என்று, தெர்மாமீட்டரும் துறையின் பாதி ஆட்களுமாக மலையேறினார். தீர்த்தம் சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் பழுது என்றார். வேறு தெர்மாமீட்டர் கொடுத்தோம். பாறைக்கு உள்ளே சுடும், வெளியே வரும்போது ஆறிவிடுகிறது என்று அங்கிருந்த குருக்களிடம் வாதிட்டார். தீர்த்தம் பிடிக்க இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நின்ற ஒரு பெண், அவர் நகர்வதாகத் தெரியாததால், "சுடுதண்ணி வேணும்னா வூட்டுலயே காய வெச்சுக்கலாமுங்களே. இதுக்குன்னு மலையேறி வரணுங்களா?" என்று கேட்டார். அன்று இறங்கும் வழியெல்லாம் அவர் யாரோடும் பேசவில்லை. எங்களுக்கு அது இனிய பயணமாக அமைந்தது.

மெகருன்னிசா அவரிடம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆய்வில் சேர விரும்பிய பலர் அதற்கு முன்பே அவர் அறை வாசலில் காத்திருந்து, உள்ளிருந்து வரும் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். இவர் போகவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன். "எங்க கடையில நாளெல்லாம் இரும்பு அறுப்பாங்க சார். சத்தம் பழக்கம்தானுங்க" என்றார். ஒரு வியாபாரியின் முக்காடு போட்ட மகளை ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டவர் தாம் என்பதைப் பேராசிரியர் அவர்கள் பின்னாளில் பல மேடைகளில் குறிப்பிட்டார்கள். வேறு யாரும் அவரிடம் சேர வரவில்லை என்பதைக் குறிப்பிட மேடையில் நேரம் இருந்ததில்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார். அதை மறைக்க முடியாது.

ஊற்றுநீருக்காக ஒரிசாவுக்குப் போனோம். மகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று காசிம் பாய் வந்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று பேராசிரியர் என்னையும் அழைத்தார். அங்கே ஊர்க்காரர்கள் துணியில் அரிசியைக் கட்டி ஊற்றில் விட்டு, சோறாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெகருன்னிசா தெர்மாமீட்டரை உறையிலிருந்து எடுப்பதற்குள் பேராசிரியர் விரலை விட்டார். கட்டுப் போட்டுவிட்டது காசிம் பாய். "அதுக்குத்தானே சார் தெர்மாமீட்டர் கொண்டாந்தோம்?" என்று அவர் கேட்டதை, அந்த மனிதர்மேல் கொண்ட பகையின் தொடக்கமாகப் பேராசிரியர் கடைசிவரை வைத்திருந்தார்.

நீரைப் பிளாஸ்கில் நிரப்பி ரயிலில் சேலம் வந்து பேருந்து பிடித்தோம். தொப்பூர் கணவாயில் வழக்கம்போல ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்திருந்தது. சாலையோர ஓட்டல் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார்கள். பிளாஸ்கை மேசைமேல் வைத்துக் கட்டிய விரலோடு காவல் இருந்தார் பேராசிரியர். பரிமாறுபவர் வந்து அதன் மூடியைத் திருகினார்.

"டீ ஊத்தட்டுங்களா, காப்பியா?"

"தொடாதய்யா! உள்ள உயிர் இருக்குது!"

அவர் கையை எடுத்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார். "நண்டுங்களா?"

அந்த உயிர்களைப் பிழைக்க வைத்தது மெகருன்னிசா. அவ்வளவு சூட்டில் கண்ணாடித் தட்டிலுள்ள ஊட்டக்கூழ் காய்ந்து அப்பளமாகிவிடும். ஈரப் பஞ்சோடு பாலிதீன் பையில் கட்டி வைத்தார். மின்சாரம் போகும்போதெல்லாம், அது அடிக்கடி போகும், சோதனைக் குழாய்களைப் பிளாஸ்க் வெந்நீருக்கு மாற்றுவார். மின்சாரம் வந்ததும் திரும்ப வைப்பார். பேராசிரியர் பின்னால் நின்று, அவர் சரியாகச் செய்யும் ஒவ்வொன்றையும் ஏன் இன்னும் முன்பே செய்யவில்லை என்று கேட்பார். மாதக்கணக்கில் வெறும் தட்டுகள். பிறகு ஒருநாள் மஞ்சள் புள்ளிகள் வந்தன. பேராசிரியர் அவர்கள் அவற்றைத் தாமே கண்டுபிடித்ததாக முதல்வருக்கு அறிவித்தார்கள்.

இனி அந்தத் தவறுக்குக் காரணமான படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் உயிரின் டி.என்.ஏ.வில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. ஒரு பாக்டீரியாவின் எழுத்துகள் அனைத்தையும் படித்து முடிக்க இன்று உலகில் யாராலும் முடியவில்லை. ஒரு சிறு துண்டைப் படிப்பதே பெரும்பாடு. மெகருன்னிசா தர்மபுரியிலிருந்து காலைப் பேருந்தில் பெங்களூர் போய், அங்கே ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்டு வாங்கி, அந்தத் துண்டை எக்ஸ்ரே படத்தில் பதித்துக்கொண்டு வந்தார். படத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் நான்கு வரிசைகள்; ஒவ்வொன்றிலும் ஏணிப்படிகள்போல் கறுப்புக் கோடுகள். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று வித்தியாசம் தெரியாது. அதனால் ஏ வரிசை இருக்கும் பக்கத்தின் மேல்மூலையைக் கத்தரியால் சிறிது வெட்டி அடையாளம் வைப்பார்கள். மெகருன்னிசாவும் வெட்டியிருந்தார்.

அவர் அதைப் படிப்பதற்குள் பேராசிரியர் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் கலெக்டர் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு நானும் கூடப் போனேன்.

"மூலை கிழிஞ்சிருக்குதுங்களே" என்றார் கடைக்காரர்.

"வெட்டிச் சரி பண்ணுய்யா. நாலு மூலையும் ஒண்ணா இருக்கணும்."

"எந்தப் பக்கங்க முன்னால வரணும்?"

"பார்த்தா தெரியலையா? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

கலெக்டர் அந்தப் படத்துக்கு மாலை போட்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகு படம் பேராசிரியர் அறையில், அவர் தலைக்கு மேலே ஏறியது. இனி அதைக் கழற்றக் கூடாது என்பதால், நாற்காலிமேல் நின்று ஒரு பிரம்பால் கோடுகளைத் தொட்டு அவரே எழுத்துகளை உரக்க வாசித்தார். மெகருன்னிசா எழுதிக்கொண்டார். ஒரு பிற்பகல் முழுவதும் அந்த அறையிலிருந்து ஏ, ஜி, ஜி, டி என்று ஓதுவது போன்ற ஒலி வந்துகொண்டிருந்தது.

எழுதியதை உலகில் இதுவரை படிக்கப்பட்ட மற்ற உயிர்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டார் மெகருன்னிசா. எதனோடும் பொருந்தவில்லை. அந்தத் துண்டில் சில இடங்கள் எல்லா பாக்டீரியாவிலும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். அவைகூட இல்லை.

"இந்த வரி எல்லாத்துலயும் இருக்கும்ங்க சார். நம்ம வயித்துல இருக்கற கிருமியிலகூட இருக்கும். இதுல மட்டும் காணோம்."

"அதுனாலதாம்மா இது புதுசு."

மறுவாரம் செய்தித்தாளில் அவர் படம் வந்தது. பூமியில் எந்த உயிரோடும் உறவில்லாத ஓர் உயிரைத் தர்மபுரி பேராசிரியர் கண்டறிந்ததாகவும், அதன் எல்லா எழுத்துகளையும் படித்து முடித்துவிட்டதாகவும் அதில் இருந்தது. உயிருக்கு ராஜமாணிக்கியா தர்மபுரியென்சிஸ் என்று பெயரிட்டிருந்தார். ஊற்று ஒரிசாவில் இருக்கிறதே என்று கேட்டேன். "தண்ணிதாங்க அங்க. மூளை இங்கதானே?" என்றார்.

சில வாரங்கள் கழித்து மெகருன்னிசா ஓய்வறைக்கு என்னைத் தேடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சார், ஏ எல்லாத்தையும் டி ஆக்கி, டி-யை ஏ ஆக்கினேனுங்க. சி-யையும் ஜி-யையும் அதே மாதிரி மாத்தினேன். எல்லாம் வந்து உக்காந்துடுச்சு."

"எதோட?"

"எல்லாத்தோடயும். மாறாத இடமெல்லாம் அப்படியே இருக்குது. மத்த இடத்துல, அமெரிக்காவுல வெந்நீர் ஊத்துல கிடைச்சதே, அதுக்கு நெருக்கமா இருக்குது. அண்ணன் தம்பி இல்ல. பங்காளி. சட்டம் போட்டப்போ படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க சார். ஏ-க்கு நேரா டி வந்துடுச்சு."

நல்ல, நேர்மையான முடிவு. ஒரு பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அவரோடு நானும் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"யார் சொன்னது?" என்றார் பேராசிரியர்.

"படமே சொல்லுதுங்க சார்."

"படம் என்ன சொல்லணுமோ அதை நான் சொல்லியாச்சு."

"ஒரே ஒரு தடவை சட்டத்தைக் கழட்டித் திருப்பிப் பாத்துடலாம்ங்க சார். அஞ்சு நிமிஷம்."

"கலெக்டர் மாலை போட்ட படத்தைத் திருப்பணுமா? உனக்கு என்ன வயசும்மா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தூண்டிவிட்டீங்க. என் பேருல ஒரு கிருமி இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலை."

அவர் பெயரில் ஒரு கிருமி இருப்பதில் எனக்கு என்றுமே ஆட்சேபம் இருந்ததில்லை.

அதன்பிறகு பலமுறை கேட்டோம். பெங்களூரில் மறுபடி ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டார் மெகருன்னிசா. அங்கே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆய்வேட்டைச் சரியான எழுத்துகளோடு எழுதிக்கொண்டு போனார். பேராசிரியர் அதை மேசையிலிருந்து விரல் நுனியால் தள்ளிவிட்டு, புதிய உயிர் என்று எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சமையல் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

"என் சமையலை அத்தா சாப்பிட்டுப் பாத்திருக்காருங்க சார். அதுக்கு ஆய்வே பரவால்லைன்னு அவர்தான் அனுப்பினாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துதான் அழுதார்.

ஆய்வுப் பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு போகாது; போகாவிட்டால் இத்தனை ஆண்டு உழைப்பும் இல்லை என்றாகிவிடும். தவறான ஆய்வேடு போனாலோ, அதை மதிப்பிடுகிறவர் முதல் பக்கங்களிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்போது ஊர் சிரிப்பது பேராசிரியரைப் பார்த்து அல்ல. "பேரு கெடறது எனக்குத்தானுங்களே" என்றார் மெகருன்னிசா. காசிம் பாய் தம் கடையில் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"கையெழுத்து இருந்தா பாதி நம்பிக்கை. இல்லாட்டி மொத்தமும் போச்சு. அந்த ஆளு சொல்றபடியே எழுதிக் குடுத்துடட்டும் சார். பாக்டீரியா வந்து கேஸா போடப் போவுது?"

மெகருன்னிசா ஒரு வாரம் யோசித்தார். பிறகு பேராசிரியர் சொன்னபடியே தட்டச்சு செய்யக் கொடுத்தார். அதுதான் அன்று பேருந்தில் அவர் மடியில் இருந்தது.

மாதையன் போன பிறகும் நாங்கள் இறங்கவில்லை. நடத்துநர் விசில் ஊதினார்.

"இனி யார் சார் கையெழுத்துப் போடணும்?" என்று மெகருன்னிசா கேட்டார்.

"வழிகாட்டி இறந்துட்டா துறையில அடுத்தவர் போடலாம்னு விதி இருக்குது. நான்தான்."

"எதுல போடுவீங்க?"

"நீ எதைக் கொண்டாந்து குடுக்கறியோ அதுல."

அவர் ஆய்வேட்டைப் பைக்குள் தலைகுப்புற வைத்து மூடினார். காசிம் பாய் எழுந்தார். "அப்ப எறங்கலாமா? இனி அங்க என்ன வேலை?"

"இல்லத்தா. போகலாம். இன்னும் அவர்கிட்ட சொல்லி முடிக்கலை."

அடுத்த வேலைநாளில் மாதையன் சட்டத்தைக் கழற்றினார். படத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்தோம். மெகருன்னிசா சொன்னது சரி. சரியான பிரதியில் நான் கையெழுத்திட்டேன். அது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பேராசிரியர் அவர்களை நான் கடைசியாகப் பார்த்தது அன்று இண்டூரில்தான். விடைபெறுவதும் அங்கேதான் முறை.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி மெகருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தியாம்மா. இன்னைக்கு நீ வருவேன்னு நேத்தே பேனாவுக்கு மசி ஊத்தி வெச்சுட்டாரும்மா. கையெழுத்துப் போட்டுப் பார்த்துட்டுகூட இருந்தாரு."

மெகருன்னிசா தலையசைத்தார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போய் நின்றார். துறையில் அவரிடம் எப்போதும் பேசும் அதே குரலில், உயர்த்தாமல் தாழ்த்தாமல் சொன்னார்.

"படம் திரும்பித்தாங்க சார் இருந்துச்சு."

அழுகை நின்றது. சொன்னவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கிடந்தவரைத்தான் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவருக்கு எதிராக ஒருவர் ஒன்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குப் பழக்கம். அவர் மனைவி கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மெகருன்னிசாவும் வழக்கம்போல் அவர் பேசுவதற்கு இடம் விட்டு நின்றார். மின்விசிறி சுழலும் ஒலி மட்டும் கேட்டது. பதில் வரவில்லை. மெகருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டார்.

பேராசிரியர் அவர்களே, உங்கள் மாணவி சொன்னதை அன்றுதான் முழுதாகக் கேட்டீர்கள். அதற்கு எங்கள் நன்றி. சென்று வாருங்கள்.